காதிலிருந்து தோளுக்கு ஆறு இஞ்ச்

பெங்களூரில் இருக்கிற அத்தனை ஸ்கேன் மெஷின்களையும் தராசின் ஒரு தட்டில் வையுங்கள். இன்னொரு தட்டில், ஜோகுபாளையத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் அரை இஞ்ச் மாஸ்டரின் மஞ்சள் டேப்பை வையுங்கள். டேப் இருக்கிற தட்டுதான் கீழே இறங்கும். இதை நான் எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன். "எங்க வேணா நில்லுங்க, ஆனா நேரா நில்லுங்க. இடது தோள் ஏறுது" என்பாள் என் மனைவி ஹேமா.

மாஸ்டருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருக்கும். எங்கள் தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. யார் போய் அளவு கொடுக்க நின்றாலும், முதல் பேச்சு "அரை இஞ்ச் ஏறுது சார்" என்பதுதான். அதனால் அரை இஞ்ச் மாஸ்டர். போஸ்ட்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

படிக்கட்டுக்கு அடியில் கடை என்பதால் உள்ளே போகப் போகக் கூரை சரிந்துகொண்டே போகும். வாசலில் மாஸ்டர் நிற்கலாம். நடுவில் மெஷின். கூரை கிட்டத்தட்ட தரையைத் தொடுகிற மூலையில் அவருடைய மனைவி சகுந்தலா அக்கா உட்கார்ந்து சட்டைப் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுப்பார். சுவரில் ஒரு புத்தர் காலண்டர். காலண்டரின் வருஷம் முடிந்து பல வருஷம் ஆகிறது. தேதித் தாள்கள் உதிர்ந்து புத்தர் மட்டும் மிச்சம்.

நான் முதலில் போனது மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குச் சட்டை தைக்க. கழுத்து, மார்பு, கை என்று வரிசையாக எடுத்தவர், கடைசியில் டேப்பின் ஒரு முனையை என் இடது காது மடலில் வைத்து, மறு முனையைத் தோள் எலும்பில் வைத்தார்.

"மாஸ்டர், காதுக்கு எதுக்கு அளவு? சட்டை காது வரைக்கும் வருமா?"

"சும்னே, சும்மா நில்லுங்க சார்."

அளவைக் குறித்துக்கொண்டார். பிறகு என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, மழை, தண்ணி லாரி, அல்சூர் ஏரிக் கொசு என்று ஊர்ப்பட்ட கதை பேசினார். நான் அசந்திருந்த நேரம் பார்த்து மறுபடி டேப்பை வைத்தார். வைத்துக்கொண்டே, குழந்தைக்கு ஊசி போடுகிற நர்ஸ் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"ஒங்க மேனேஜர் பேர் இன்னா சார்?"

சொன்னேன்.

"பரவால்ல, நல்ல மனுஷன்தான். கால் இஞ்ச்சுக்கு மேல ஏறல."

இந்த விசித்திர வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மாஸ்டர் புதிதாகக் கடை போட்ட காலத்தில் ஒரு மாப்பிள்ளைக்குக் கல்யாணக் கோட்டு தைத்தார். அளவெடுத்த அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் பந்தி விஷயத்தில் பெரிய சண்டை. மாப்பிள்ளை தோளைக் காதுக்குப் பக்கத்தில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். இவரும் எடுத்த அளவுக்கு ஒழுங்காகத் தைத்துவிட்டார். கல்யாணத்தன்று சமாதானம் ஆகிவிட்டது. மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். தோள் இரண்டும் இறங்கிவிட்டன. கோட்டு மட்டும் சண்டையிலேயே இருந்தது. போட்டோவில் பார்த்தால் அண்ணனுடைய கோட்டைத் தம்பி மாட்டிக்கொண்டு வந்த மாதிரி.

"அன்னிக்கு முடிவு பண்ணேன் சார். சும்மா இருக்கறப்போ ஒரு அளவு, ஓசனை வந்தப்போ ஒரு அளவு. ரெண்டும் எடுக்கணும். நடுவுல தெக்கணும். அஷ்டே, அவ்ளோதான்."

அவருடைய நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்றில் 'சும்மா', இன்னொன்றில் 'கேட்டப்புறம்'. ஒரு சராசரி மனிதனுக்குச் சும்மா இருக்கும்போது காதிலிருந்து தோளுக்கு ஆறு இஞ்ச் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. புத்தர் காலண்டரைக் கழற்றாத காரணமும் அதுதான்.

"ஸ்கேல் வெச்சு கணக்கு போட்டேன் சார். புத்தருக்கு ஏழு இஞ்ச் வருது. இந்த பெங்களூர்ல ஏழு இஞ்ச் நான் ஒருத்தருக்கும் பாத்ததில்ல. அப்பறம் எப்டி கழட்டறது?"

எங்கள் தெருவில் ஒரு ஹெட் கான்ஸ்டபிள் இருந்தார். யூனிஃபார்ம் தைக்க வந்தவரிடம் மாஸ்டர் கொலை, கொள்ளை, கலாட்டா, மந்திரி வருகை என்று வரிசையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார். தோள் அசையவில்லை. சரி, கல்மனுஷன் என்று டேப்பைச் சுருட்டும்போது, "மக ஸ்கூட்டி கத்துக்கறாளாமே சார்?" என்று சும்மா கேட்டிருக்கிறார். முழுசாக ஒரு இஞ்ச். யூனிஃபார்ம் தளர்வாகத் தைக்கப்பட்டது.

இன்னொரு நாள் ஒரு அம்மா தன் கணவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். சட்டைக்கு என்று சொன்னாலும் கையில் துணியே இல்லை.

"மாஸ்டர், டேப்ப வைங்க. கேள்வி நான் கேக்கறேன். ஏங்க, போன ஞாயித்துக்கெழம மைசூருக்கு யார் கூட போனீங்க?"

"ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் கூடத்தாம்மா."

"மாஸ்டர்?"

மாஸ்டர் டேப்பைப் பார்த்தார். அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்தார். இருமினார். "டேப் நகந்துடுச்சு மேடம். கரெக்டா தெரியல" என்றார். அந்த அம்மா முறைத்துவிட்டுச் செருப்பை மாட்டப் போன இடைவெளியில், கணவரின் காதருகே குனிந்து, "முக்கா இஞ்ச் சார். ஒண்ணு வூட்ல நெஜத்த சொல்லு, இல்லன்னா லூசா சட்ட தெச்சுக்கோ" என்றார்.

மூலையிலிருந்து சகுந்தலா அக்கா, "நீ கட நடத்தறியா, கோர்ட்டு நடத்தறியா?" என்று ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டார்.

இனி என் கதைக்கு வருகிறேன். எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது. இருபத்திரண்டு வருஷமாகத் தப்பு தேடுகிறவன் தன் உடம்பைச் சும்மா விட்டுவைப்பானா? தலையில் ஒரு பரு வந்தால், அதன் பின்விளைவுகளைப் பத்து வருஷத்துக்கு முன்கூட்டியே யோசித்து வைத்துவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கு நாற்பத்தெட்டாவது வயதில், கழுத்திலிருந்து இடது தோளுக்கு இறங்குகிற சதை ஒரு நாள் கல்லாகிப் போனது. தொட்டால் தேங்காய் ஓடு. நாலு மாதம் ஆகியும் இளகவில்லை.

வலி வந்த ஒரே வாரத்தில் என்னைச் சுற்றி இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. ஒன்று உடம்புக் கட்சி, இன்னொன்று மனசுக் கட்சி.

உடம்புக் கட்சியின் தலைவர் எங்கள் ஆபீஸ் கீழ்த்தளத்தில் இருந்த ஃபிசியோதெரபி தம்பி. "சார், நாற்காலி சரியில்ல, ஸ்கிரீன் தாழ்வா இருக்கு, தலகாணி உயரம்" என்றான். நான் தலையணை வாங்க ஆரம்பித்தேன். பஞ்சு, ரப்பர், நடுவில் பள்ளம் விட்டது, இரு பக்கமும் மேடு வைத்தது என்று ஏழு தலையணை. ஏழாவது வந்த அன்றைக்கு ஹேமா போர்வையும் கையுமாக ஹாலுக்குப் போய்விட்டாள். "அங்க எனக்கு எடம் இல்லங்க. இது படுக்கையா, பஞ்சு மில்லா?"

மனசுக் கட்சியின் தலைவி, புதன்கிழமைதோறும் ஆபீஸுக்கு வந்து எங்களையெல்லாம் கண்ணை மூடி உட்காரச் சொல்லும் ஒரு மேடம். என் தோளைப் பார்த்தவுடனேயே, "நீங்க யார் மேலயோ ரொம்ப நாளா கோபத்த அடக்கி வச்சிருக்கீங்க. மன்னிச்சுடுங்க, எறங்கிடும்" என்றார். இது நல்ல யோசனையாகப் பட்டது. யார் யார் மேல் கோபம் என்று எக்ஸெல்லில் ஒரு பட்டியல் போட்டேன். முதல் பெயர் என் பெரியப்பா மகன். அவனுக்கு வாட்ஸாப்பில், "பழசையெல்லாம் மறந்து உன்னை மனப்பூர்வமாக மன்னிச்சுட்டேன்" என்று அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. "எதுக்குடா?" எதற்கு என்று நான் விளக்கப் போய், அவன் தன் தரப்பில் என்னை மன்னிக்க வேண்டிய விஷயங்களை எடுத்துவிட, ராத்திரிக்குள் இரண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. தோள் இன்னும் கால் இஞ்ச் ஏறியது. பட்டியலில் மிச்சம் இருந்த பதினாலு பேர் இன்றுவரை மன்னிக்கப்படாமல் நிம்மதியாக இருக்கிறார்கள்.

இதெல்லாம் நான் ஆபீஸில் சொல்லிச் சிரிக்க வைத்த கதைகள். சொல்லாத கதை ஒன்று இருந்தது.

என் அப்பா திருப்பத்தூரில் ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "இங்க என்னமோ இழுக்குது, கொஞ்சம் படுக்கறேன்" என்றார். படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது. எனக்கு நாற்பத்தொன்பது ஆரம்பிக்க இன்னும் இரண்டு மாதம்.

வலி தோளிலிருந்து முழங்கை வரை இறங்கிய அன்றைக்கு, எங்கள் தெருமுனை டாக்டரம்மாவிடம் போனேன். தட்டிப் பார்த்தார், ஈசிஜி எடுத்தார். "எனக்கென்னவோ இது தசை மாதிரிதான் தெரியுது. ஆனா அப்பா கதைய வச்சுப் பாத்தா ஒரு ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்துடறது நல்லது. நாளைக்கே போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மறுநாள் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. ஓடிப் பார்த்து ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால்? ஓடாதவரைக்கும் ஒன்றும் இல்லை அல்லவா? தப்பைத் தேடுவதே தொழிலாக உள்ளவன், தன் நெஞ்சில் மட்டும் தேட வேண்டாம் என்று தீர்மானித்தான். தினமும் குளித்துவிட்டு வந்து, நேற்றைய சட்டையிலிருந்து சீட்டை எடுத்து இன்றைய சட்டையில் வைப்பேன். இப்படியே ஐந்து வாரம். ஹேமாவுக்கும் தெரியாது.

இந்த லட்சணத்தில்தான் ஒரு சனிக்கிழமை காலை, புதுச் சட்டை ஒரு பக்கம் தூக்குகிறது என்று புகார் சொல்ல மாஸ்டர் கடைக்குப் போனேன்.

"சட்ட தூக்கல சார். நீங்கதான் தூக்கறீங்க" என்றபடி டேப்பை எடுத்தார். வலது பக்கம் ஆறு. இடது பக்கம் ஐந்தேகால்.

"முக்கா இஞ்ச்சா! இது சும்மா இருக்கறப்போ சார். இன்னும் நான் ஒண்ணுமே கேக்கல." அவர் குரலில் ஒரு விஞ்ஞானியின் பரவசம் இருந்தது. "சகுந்தலா, நோட்ட எடு!"

டேப்பை இடது காதில் வைத்தார். மேனேஜர் பெயரைச் சொன்னார். அசையவில்லை. சில்க் போர்டு ட்ராஃபிக்கைச் சொன்னார். லேசாக ஒரு நூல் அளவு ஏறியது. மச்சினன் என்றார். அதுவும் ஒரு நூல்தான். பெரியப்பா மகன் விஷயம் தெருவுக்கே தெரியும் என்பதால் அவனையும் கேட்டார். கால் இஞ்ச் ஏறி, இறங்கிவிட்டது.

"இவ்ளோ கேட்டும் ஆள் மாட்டலியே. வேற யாரோ சார்." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "ஆமா, பாக்கெட்ல அது இன்னா சீட்டு? போன வாரம் ஆல்ட்ரேஷனுக்கு குடுத்தப்போ அந்த சட்டைலயும் இதான் இருந்துச்சு. எடுத்துக் குடுத்தேனே."

என் கை தானாகப் பாக்கெட்டை மூடியது. டேப்பின் முனை அவர் விரலிலிருந்து நழுவியது.

"நாலே முக்கா" என்றார் மெதுவாக. நோட்டில் எழுதவில்லை.

நான் வழக்கம்போல ஒரு ஜோக் அடித்தேன். "அது லாண்டரி பில் மாஸ்டர்." தெருவே சிரிக்கிற என் ஜோக்குக்கு அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். அப்பாவைச் சொன்னேன், மதியச் சாப்பாட்டைச் சொன்னேன், நாற்பத்தொன்பதைச் சொன்னேன். காஜா எடுப்பதைச் சகுந்தலா அக்கா நிறுத்திவிட்டார்.

"அப்போ இது மனசுதானே மாஸ்டர்? பயந்துதானே ஏறுது? அப்போ டெஸ்ட் எதுக்கு?" என்று கேட்டேன். வக்கீலுக்குப் படித்திருக்கலாம் நான்.

"நக்கோ சார், அந்த வேலையே வேணாம். நான் டெய்லர். டேப் துணி மேலதான் போவும். ஏறுதா, ஏறலியா, அது சொல்லும். எதனால ஏறுதுன்னு அதுக்கு எப்டி தெரியும்? மனசுன்னு நெனச்சு நெஞ்ச உட்டுட்டா? எழுந்திரு." அதுவரை வாங்க போங்க என்று பேசியவர், அந்த நிமிஷத்தில் மாறினார். "எழுந்திரு, வா. நானும் வரேன்."

"எங்க?"

"ஓட்றதுக்கு."

"மாஸ்டர், இன்னிக்கு சனிக்கிழமை, நான் இட்லி வேற சாப்ட்டு..."

"அது ஆயி ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. இங்கதான் எட்டு மணிலேந்து நின்னுனு இருக்க. சகுந்தலா, கடைய பாத்துக்கோ."

"கழுத்துல டேப் இருக்குது, கழட்டிட்டு போ!" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினார். அவர் கழற்றவில்லை.

என் ஆபீஸ் பையோடு ஆட்டோவில் போனோம். டெஸ்ட் எடுக்கிற இடத்தில் ரிசப்ஷனில் இருந்த பெண் என்னையும், கழுத்தில் மஞ்சள் டேப்பும் காதில் சாக்பீஸுமாக நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார் கூட வந்திருக்கறது யாரு? சொந்தக்காரங்களா?"

"டெய்லர்" என்றார் மாஸ்டர்.

"டெய்லரா?"

"பேஷண்ட்டோட டெய்லர்" என்று விளக்கினார். அந்தப் பெண் பாரத்தில் 'உறவுமுறை' என்ற இடத்தில் என்ன எழுதினாள் என்று எனக்கு இன்றும் தெரியாது.

நெஞ்சில் இங்கும் அங்கும் மழித்து, ஒயர்களை ஒட்டி, என்னை அந்த ஓடும் பலகையில் ஏற்றினார்கள். டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. இரண்டு நிமிஷம் கழித்து, "சார், கைப்பிடிய இவ்ளோ நெரிக்காதீங்க. அது எங்கயும் ஓடாது, நீங்கதான் ஓடணும்" என்றார். ஒவ்வொரு தடவை பலகை வேகம் எடுக்கும்போதும் எனக்குத் திருப்பத்தூர் வீட்டுக் கட்டில் தெரிந்தது. கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக மஞ்சளாக ஏதோ தெரிந்தது. மாஸ்டர் டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலை விட்டுவிட்டு டேப்பைப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

முடிந்ததும் டாக்டர் பேப்பரை நீளமாக விரித்துப் பார்த்தார். நான் மூச்சு விடுவதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தேன்.

"நல்லா இருக்கு சார். பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. இது தசை வலி."

"உடம்பாலயா, மனசாலயா டாக்டர்?"

"உக்காந்தே இருந்தாலும் வரும், கவலைப்பட்டாலும் வரும். பெரும்பாலும் ரெண்டும் கை கோத்துட்டுதான் வரும். வலிச்சா பயம், பயந்தா இறுக்கம், இறுகினா வலி."

"அதுல உடம்பு எத்தனை பர்சென்ட், மனசு எத்தனை பர்சென்ட்?"

டாக்டர் என்னை விட்டுவிட்டு, உள்ளே வந்து நின்றிருந்த மாஸ்டரைப் பார்த்தார். "இவர் எப்பவும் இப்டித்தானா?"

"அளவு எடுக்கறப்போ இன்னும் மோசம் டாக்டர்" என்றார் மாஸ்டர்.

வெளியே வந்து ஒரு கடையில் டீ வாங்கிக்கொண்டு நடைபாதைத் திட்டில் உட்கார்ந்தோம். மாஸ்டர் டீயைக் கீழே வைத்துவிட்டு, போகிற வருகிற ஜனங்களுக்கு நடுவில் என் காதில் டேப்பை வைத்தார்.

"அஞ்சே முக்கா! பாத்தியா? அரை இஞ்ச் எறங்கிப் போச்சு. அது பூரா பயம்." விரலால் மிச்சத்தைக் காட்டினார். "இது ஒரு கால் இஞ்ச் எறங்க மாட்டேங்குதே. இன்னும் யார் சார்?"

நான் யோசித்தேன். எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. அந்த நிமிஷத்தில் பெரியப்பா மகனைக்கூடக் கட்டிப் பிடித்திருப்பேன். எழுந்து, வழக்கம்போல என் ஆபீஸ் பையை இடது தோளில் மாட்டினேன்.

மாஸ்டரின் கண் பையின் மேல் நின்றது.

"ஒந்து நிமிஷம் சார். அத குடு." வாங்கியவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். "யப்பா! இதுல இன்னா, அம்மிக்கல்லா? சனிக்கெழம கூடவா லாப்டாப்பு?"

"லாப்டாப் இல்ல மாஸ்டர். மருந்து."

"எதுக்கு?"

"தோள் வலிக்கு."

திட்டின் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கழுத்துப் பட்டை ஒன்று. வெந்நீர்ப் பை ஒன்று, பாதி தண்ணீரோடு. அதிரும் மசாஜ் மெஷின், அதன் சார்ஜர். முள் வைத்த ரப்பர் உருண்டை இரண்டு. தைல பாட்டில் மூன்று. வலிக்கு அடிக்கிற ஸ்ப்ரே. எக்ஸ்ரே கவர்கள். கடைசியில், ஆபீஸ் பஸ்ஸில் வைத்துக்கொள்ள ஒரு தலையணை. எட்டாவது. ஹேமாவுக்குத் தெரியாமல் வாங்கியது.

நாலு மாதமாக, தோள் வலிக்கான அத்தனை வைத்தியங்களையும் அந்தத் தோளிலேயே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

மாஸ்டர் சிரிக்க ஆரம்பித்தார். திட்டில் உட்கார்ந்து சிரித்தார், டீ டம்ளரைத் தட்டிவிட்டுச் சிரித்தார், கழுத்து டேப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான்தான் தெருவில் ஜோக் அடிக்கிறவன். அவரை இவ்வளவு சிரிக்க வைத்தது என் எந்த ஜோக்கும் இல்லை, என் பை. அப்புறம் நானும் சேர்ந்துகொண்டேன். டீக்கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "என்ன சார், லாட்டரி கீட்டரியா?" என்றார்.

"அத விட பெரிசுபா" என்றார் மாஸ்டர். "கால் இஞ்ச்."

அன்று மாலை ஹேமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து வாரம் சீட்டை மறைத்ததற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் எட்டுத் தலையணைகளில் ஆறை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு ஹாலிலிருந்து திரும்பி வந்தாள். ஃபிசியோ தம்பி சொல்லிக் கொடுத்த பயிற்சியை ஒழுங்காகச் செய்தேன். மனசுக் கட்சி மேடத்தின் வகுப்பில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். யாரையும் மன்னிக்கவில்லை, மூச்சை மட்டும் விட்டேன். கல் இளகிற்று. முழுக்க இல்லை, அப்ரைசல் மாதத்தில் கொஞ்சம் தலைகாட்டும். வந்தால், வந்திருக்கிறான் என்று தெரிந்துகொள்வேன், அவ்வளவுதான்.

என் நாற்பத்தொன்பது வந்தது. ஒரு வருஷம் முழுக்க இருந்துவிட்டுப் போனது. ஐம்பது பிறந்த அன்று காலை, ஸ்வீட் பெட்டியோடு முதலில் மாஸ்டர் கடைக்குத்தான் போனேன். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. டேப்பைத்தான் எடுத்தார். "ஆறு!" என்று சகுந்தலா அக்காவுக்குக் கேட்கிற மாதிரி கத்திவிட்டு நோட்டில் எழுதினார். 'சும்மா' கட்டத்தில்.

போன வருஷம் ஹேமாவுக்கு ஹெப்பகோடிப் பக்கம் ஒரு ஸ்கூலில் வேலை கிடைத்தது. எனக்கும் ஆபீஸ் பக்கம். வீட்டை மாற்ற முடிவு செய்தோம். எல்லோரிடமும் சொல்லியாயிற்று, மாஸ்டரிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று மூன்று நாள் போய், மூன்று நாளும் கொசுவைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். நாலாம் நாள் ஒரு யோசனை தோன்றியது.

"மாஸ்டர், ஊருக்கெல்லாம் அளவு எடுக்கறீங்களே, ஒங்களுக்கு யாராவது எடுத்திருக்காங்களா?"

"எனக்கு எதுக்கு சார்? என் சட்ட கண்ணாலயே வெட்டிடுவேன்."

"அவருக்கு எதுவும் ஏறாது சார். அது கல்லு" என்றார் சகுந்தலா அக்கா.

டேப்பை வாங்கி அவர் காதில் வைத்தேன். ஆறரை. அந்தத் தெருவிலேயே அதிகம். வீட்டு ஓனரைச் சொன்னேன். அசையவில்லை. மழையில் கடைக்குள் தண்ணீர் வருவதைச் சொன்னேன். அசையவில்லை. "சகுந்தலா அக்கா" என்றேன். "அது இருவது வருஷம் முன்னாடி கேட்டிருக்கணும்" என்று அக்காவே பதில் சொன்னார்.

"நான் ஹெப்பகோடிக்கு வீடு மாத்தறேன் மாஸ்டர். அடுத்த வாரம்" என்றேன்.

என் கட்டைவிரலுக்கு அடியில் டேப் வளைந்தது. ஆறு.

மாஸ்டர் தன் காதிலிருந்து என் கையை விலக்கி, டேப்பை வாங்கிச் சுருட்டினார். "பழைய டேப் சார். இழுபட்டு நீண்டு போச்சு. புதுசு வாங்கணும்" என்றார். இன்னும் வாங்கவில்லை.

ஹெப்பகோடியில் எங்கள் வீட்டைச் சுற்றி ஆறு டெய்லர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் நல்ல டெய்லர்கள்தான். நான் மெட்ரோவில் மஞ்சள், பச்சை, ஊதா என்று மூன்று கலர் மாறி ஜோகுபாளையத்துக்குத்தான் போகிறேன். துணி கொடுக்க ஒரு நாள், சட்டை வாங்க ஒரு நாள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் எங்கேயாவது ஒரு இடத்தில் அரை இஞ்ச் பிசகியிருக்கும். ஒரு தடவை கை, ஒரு தடவை காலர். அதைச் சரி செய்ய இன்னொரு நாள். ஜோகுபாளையத்தில் இருந்தவரைக்கும் அவர் அளவு இப்படிப் பிசகியதே இல்லை.

ஏன் மாஸ்டர் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த சட்டையைச் சரியாகத் தைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.